துணை வினா

வினா எண் நூற்று எழுபத்து மூன்று எங்கள் துறைக்கு.
நூற்று எண்பத்தெட்டு, மேல்மாடியில் புனர்வாழ்வுக்கு.
நடுவில் பதினான்கு வினாக்கள்:
ஏரிக்கரை, ரேஷன் பருப்பு,
பாதியில் நிற்கும் ஒரு மேம்பாலம்.

(அ) நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில்
மருத்துவர்கள் நிலைப்பதில்லை என்பதை அரசு அறியுமா?
ஆம்.
(ஆ) அறியுமெனில், காரணம் யாது?
சொந்தக் காரணங்கள்.
(இ) இல்லையெனில்?
எழவில்லை.

எழவில்லை, எழவில்லை என்று எழுதியே
நான் பிரிவு அலுவலராக எழுந்தவள்.

புள்ளிவிவரம் சரிபார்க்கப் புழல் போனேன்.
ஐம்பத்தாறு சி, ஜன்னலோரம், மே மாத வெயில்.
டாக்டர் மெர்லின் ஞானசெல்வி போய்ப் பதினோரு நாள்.
நாற்காலி முதுகில் அவள் கட்டிய துண்டை
யாரும் அவிழ்க்கவில்லை.
கைராசிக்காரி என்றாள் மருந்தாளுநர்;
இருமலைக் கேட்டே தெருப்பெயர் சொல்வாளாம்.
ஒரு நாளைக்கு நூற்று அறுபது சீட்டு.
கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் வேண்டுமென்று
துறைக்கு நான்கு நினைவூட்டல்.
நகல்களைப் புரட்டினேன்.
மூன்றாவதில், 'பதிவில் வைக்க' என்பதற்குக் கீழே
பச்சை மையில்
என் சுருக்கொப்பம்.

வெளியே பெஞ்சில் யோகமலர்.
முகாமிலிருந்து நடந்தே வந்திருந்தாள்,
ஜவுளிக்கடைப் பையில் காகிதங்களோடு.
நாலு வயதில் தோணியில் வந்தவள்.
மன்னாருக்குத் திரும்ப அனுமதி கேட்டு
நான்காவது வருடம்.
மருத்துவச் சான்றுக்கு ஆயுள் தொண்ணூறு நாள்.
கோப்பு ஒரு மேசையைக் கடக்க
அதற்கும் மேல்.

"டொக்டர் மாறினா கையெழுத்து மாறும்.
கையெழுத்து மாறினா ஃபைல் திரும்பி வரும்.
எனக்கு வருத்தம் ஒண்டும் இல்லையெண்டு
மூண்டு டொக்டர்மார் எழுதித் தந்திட்டினம், அக்கா.
இன்னும் ஒருத்தர் எழுத வேணுமாம்."

அவர்கள் பேச்சில் வருத்தம் என்றால் நோய்.
தெரியும்.
தெரிந்தும் ஒரு நொடி
சென்னைத் தமிழில் கேட்டுவிட்டேன்.

அன்றிரவு ஒரு துண்டுச்சீட்டு எழுதினேன்.
துணை வினா வந்தால் அமைச்சருக்கு நீட்ட.
173ம் 188ம் ஒரே வினா.
மருத்துவர் போன நாளில்
அனுமதிக் கோப்பும் பின்னோக்கி நடக்கிறது.
தாழ்ப்பாளின் விலை நூற்றிருபது ரூபாய்.
அடித்தேன். திரும்ப எழுதினேன்.
விலையை மட்டும் இரண்டு முறை அடித்தேன்.

பேரவை.
அதிகாரிகள் மாடத்தில் எனக்குத் தூணோர இருக்கை.
அமைச்சர் வாசித்தார்: ஆம். சொந்தக் காரணங்கள். எழவில்லை.
உறுப்பினர் எழுந்தார்.
சீட்டு என் விரலிடுக்கில் ஈரமானது.
தம் தொகுதிக்கு அரசு தந்த ஸ்கேன் இயந்திரத்துக்கு
நன்றி சொல்லிவிட்டு அமர்ந்தார்.
மேசைகள் தட்டப்பட்டன.
அடுத்த வினா.

மேம்பாலத்திலேயே நேரம் முடிந்தது.
நூற்று எண்பத்தெட்டுக்கு
யாரும் வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.
எட்டாத வினாக்களின் விடைகள்
அவை முன் வைக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.
'கொள்ளப்படும்':
எவ்வளவு விசாலமான சொல்.
முகாமின் ஐந்நூறு குடும்பமும்
அதற்குள் பாய் விரிக்கலாம்.

கோட்டை ஸ்டேஷனில் வேளச்சேரி வண்டிக்கு நிற்கும்போது
போன் வந்தது.
பின்னால் குழாயடிச் சத்தம், குடங்கள்.

"அக்கா, சபையில கேட்டவையோ?"

கேட்பது என்றால் வினவுவதும்தான்,
செவி கொடுப்பதும்தான்.
எதைக் கேட்கிறாள் என்று நான் கேட்கவில்லை.
வண்டி நடைமேடைக்குள் வந்துகொண்டிருந்தது.
வாழ்நாளெல்லாம் 'ஆம்' என்று எழுதிய கை
பையைப் பற்றிக்கொள்ள,
அவளுடைய சொல்லில் சொன்னேன்:

ஓம்.